இரண்டு முனையும் கட்டுகிற மேண்டில்

பாபடோயிட்டோய்
23 பெப்ரவரி 1998

திருமதி அம்புஜம் பாஸ்கரன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதம் மேண்டில் விஷயமாக மட்டும். முந்தாநாள் உங்கள் வீட்டில் போன் அடித்து, நீங்கள் எடுத்ததும் வைத்துவிட்டது நான்தான். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

சிட்டிக்குள் கரண்ட் போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்கு அடியில் ஓடும் பெரிய கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, வெள்ளிக்கிழமை எல்லாமே படுத்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் நாலு வருசம் கரண்ட் இல்லாமல் இருந்துவிட்டு, லைட்டைத் தேடி உலகத்தின் கடைசி மூலைக்கு வந்தவள் நான். சனியனும் டிக்கெட் எடுத்துக் கூடவே வந்துவிட்டது.

நவம்பரில் நீங்கள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போன பிறகு, "டூ ஸ்டவ்ஸ்" கடையை நான் ஒருத்தியாகத்தான் நடத்துகிறேன். சமையல் காஸ் அடுப்பில் என்பதால் அதற்குக் குறைவில்லை. வெளிச்சம்தான் இல்லை. அந்தச் சிட்டிச் சந்தில் பகலிலேயே கடையின் பின்பக்கம் கும்மிருட்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாடகைக்கு இருந்த ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பாங்குக்காரர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள்.

கட்டடச் சொந்தக்காரர் மிஸ்டர் ஹார்வி வந்து சொல்லிவிட்டார்: மார்ச் முடிவில் லீஸ் முடிகிறது, அதுவரை கதவு பூட்டியே கிடந்தால் கடை உங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன், கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று. ஆகவே ஒரு பழைய சாமான் கடையில் பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று வாங்கினேன். பித்தளை, பிரிட்டிஷ் சாமான். உள்ளே வலைபோல் தொங்கி வெள்ளையாக எரியுமே, அந்த மேண்டில்தான் இல்லை. காம்பிங் கடையில் மூன்று மேண்டில் வாங்கி வந்தேன். ஒன்றும் அதில் உட்காரவில்லை.

உங்கள் கராஜ் முழுக்க இப்படி விளக்குகள் வைத்திருக்கிறீர்கள். எந்த மேண்டில் பொருந்தும் என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
குணவதி ஆனந்தராசா


ஹில்ஸ்பரோ
25 பிப்ரவரி 1998

திருமதி குணவதி ஆனந்தராசா அவர்களுக்கு,

மேண்டில் விஷயமாக மட்டும் எழுதினீர்கள். நானும் மேண்டில் விஷயமாக மட்டும் எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கின் நடுவில் பாருங்கள். கீழே தொட்டியிலிருந்து ஒரு குழாய் நேராக மேலே போகிறதா? போனால், காம்பிங் கடையில் வாங்கிய பை மாதிரி மேண்டில் அதற்கு உதவாது. பை மேண்டில் பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்குக்கு. அதில் மேலே ஒரு கட்டு, கீழே மூடிய வயிறு, சும்மா தொங்கும். உங்களுடையதில் குழாய் மேண்டிலுக்குள்ளேயே நுழைந்து போக வேண்டும். அதற்கு இரண்டு முனையும் திறந்த மேண்டில் இருக்கிறது. மேலே ஒரு கட்டு, கீழே குழாயைச் சுற்றி ஒரு கட்டு.

தயவு செய்து பையின் அடியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடாதீர்கள். உங்களைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

மேண்டில் விஷயம் முடிந்தது. இனி ஒரே ஒரு வரி. பத்திரிகைக்காரர் வந்த அன்று நீங்கள் காய்கறி வாங்கப் போயிருந்தீர்கள். "யார் தோசை சுடுவது?" என்று அவர் கேட்டார். "நான்" என்றேன். சுட்டது நான்தானே? அவர் உங்களை "உதவியாளர்" என்று எழுதியதற்கு நான் என்ன செய்வேன்? பத்து வாடிக்கையாளர்கள் முன்னால், "பேப்பரிலேயே போய்க் கடை வையுங்கோ" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரே வரி என்றேன். நீண்டுவிட்டது.

அம்புஜம்


பாபடோயிட்டோய்
27 பெப்ரவரி 1998

அம்புஜம் அவர்களுக்கு,

குழாய் இருக்கிறது. நட்டநடுவில் நேராக மேலே போகிறது.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே பையின் அடியை வெட்டிவிட்டேன். வெட்டிய இடம் நூல் நூலாகப் பிரிந்து, ஊசியால் மடித்துத் தைத்தும் பார்த்தேன். கொளுத்தியதும் தையல் முதலில் போனது, பிறகு மற்றது. "உமக்குச் சொன்னாக் கேக்கிற பழக்கம் எப்ப இருந்தது?" என்று இவர் கேட்டார். விரி ஏரியா ஃபாக்டரியில் இரவு வேலை முடித்துவிட்டு வந்த அலுப்பிலும் மனிசனுக்கு என்னைப் பழிக்க மட்டும் பலம் இருக்கிறது.

நீங்கள் ஒரு வரி எழுதினீர்கள். என்னுடையதும் ஒரு வரி. அந்தப் பத்திரிகைக்காரர் தோசையை எதைத் தொட்டுச் சாப்பிட்டார்? என் சம்பலை. தட்டை வழித்து நக்காத குறை என்று பரிமாறிய நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். சம்பல் யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

கடை மூன்று நாளாக மெழுகுதிரியில் ஓடுகிறது. நேற்று ஒருவர் சீனியை உப்பென்று நினைத்துத் தேநீருக்குள் போடாமலும், அதையே சாம்பாருக்குள் போட்டும் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரர், பாவம். ஆனால் இருட்டுக்குள் யாரும் இரண்டாவது முறை வரமாட்டார்கள்.

இரண்டு முனை மேண்டில் எங்கே வாங்கலாம்?

குணவதி


ஹில்ஸ்பரோ
1 மார்ச் 1998

குணவதி அக்காவுக்கு,

கடையில் தேட வேண்டாம். இந்தப் பார்சலில் நான்கு வைத்திருக்கிறேன். தைத்தும் பார்த்தேன் என்று படித்துவிட்டு, சிரித்த சிரிப்பில் பாஸ்கரன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

இதில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதை நானே செய்துவிட்டேன். என்னிடம் இரண்டு வகை இருக்கிறது. பழைய ஸ்டாக்கில் தோரியம் உண்டு. வெளிச்சம் பால் மாதிரி இருக்கும். ஆனால் அதில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. நான் கடையை விட்டபின் மறுபடி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்த மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது உடைந்து தூளானால், அந்தத் தூள் மூக்குக்கும் வாய்க்கும் போகக் கூடாது. சோற்றுப் பானை இருக்கிற இடத்துக்கு அது எதற்கு? புது வகையில் தோரியம் இல்லை. வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவு. உங்களுக்கு அனுப்பியிருப்பது புதியது.

கட்டும்போது இரண்டு முனையையும் சமமாகச் சுருக்குங்கள். மடிப்பு ஒரே பக்கம் குவிந்தால் கோணலாக எரியும். கட்டிய பிறகு, விளக்கோடு வரும் திரிக் கவ்வியை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழாயில் மாட்டிக் கொளுத்துங்கள். மேண்டில் கருகி, சுருங்கி, வெள்ளைச் சாம்பலாக நிற்கும். சாம்பலேதான். அதற்கப்புறம் தொடக் கூடாது. சூடு ஏறியதும் மெதுவாகப் பம்ப் அடியுங்கள். உங்களுக்கு மெதுவாக என்றால் என்ன என்று தெரியாது, அதனால் அத்தானை அடிக்கச் சொல்லுங்கள்.

விளக்கை அடுப்புக்கு மேலேயும் சாப்பிடுகிறவர் தலைக்கு மேலேயும் மாட்டாதீர்கள். நடைவழியில் மாட்டுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். எண்ணெய் ஊற்றுவது வெளியில், விளக்கு ஆறிய பிறகு.

என் வாயில் முத்து உதிராதுதான். ஆனால் அன்றைக்கு, சம்பலைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. கேட்காமலே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம்.

அம்புஜம்


பாபடோயிட்டோய்
5 மார்ச் 1998

அம்புஜம்,

எரிகிறது!

இவர் பம்ப் அடிக்க, நான் தள்ளி நின்று கடவுளைக் கூப்பிட, முதலில் புகை, பிறகு "புஸ்" என்று ஒரு சத்தம், பிறகு சந்து முழுக்க வெளிச்சம். நீர் பார்த்திருக்க வேண்டும். சந்தில் எரிவது எங்களுடைய ஒரு விளக்குத்தான். தெருவைத் தோண்டிக் கேபிள் போடுகிற ஆட்கள், ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள், வெளிச்சத்தைக் கண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "திறந்திருக்கா?" என்று கேட்டார். "ஓம், ஓம், வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

இப்போது தினமும் வருகிறார்கள். மேலே பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கிற ஒரு மாணவி லிஃப்ட் இல்லாமல் படியால் இறங்கி வந்து சாப்பிடுகிறாள். ஏறும்போது செமிக்கும் என்று இரண்டு மடங்கு சாப்பிடுகிறாள். ஃபிரிட்ஜ் இல்லாததால் அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே தீர்க்கிறேன். அது எனக்குப் பழகியதுதானே.

ஒரு குறை. நீர் சொன்ன மாதிரி வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவுதான். கடைசி மேசை மங்கல். அங்கே வைத்த தேங்காய்ப்பால் சொதி சுண்ணாம்புத் தண்ணி மாதிரித் தெரிகிறது. அந்தப் பழைய வகையில் இரண்டு தாருமேன். தூள் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உம்மை "நீர்" என்று எழுதிவிட்டேன். பழைய பழக்கம், வெட்டி எழுத மனமில்லை.

குணவதி


ஹில்ஸ்பரோ
8 மார்ச் 1998

குணாக்காவுக்கு,

வெட்டாததற்கு நன்றி.

பழைய மேண்டில் தரமாட்டேன். கெஞ்சினாலும் தரமாட்டேன். சொதி சுண்ணாம்புத் தண்ணி மாதிரித் தெரிந்தால் தெரியட்டும், அதில் தோரியம் மிதக்க வேண்டாம். மங்கலுக்கு வழி இன்னொரு விளக்கு. என் பெட்ரோமாக்ஸைப் பாஸ்கரனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதைக் கடைசி மேசைப் பக்கம் மாட்டுங்கள். கத்தரிக்கோலுக்குத் தப்பிய இரண்டு பை மேண்டில் உங்களிடம் இருக்கிறதே, அந்தப் பாக்கெட்டில் தோரியம் இல்லை என்று போட்டிருந்தால் அதையே இதில் கட்டுங்கள். இல்லையென்றால் விளக்கோடு நான் வைத்திருப்பதைக் கட்டுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஏற்றுவதற்கு முன் தினமும் மேண்டிலைச் சுற்றிப் பாருங்கள். கடுகளவு ஓட்டை இருந்தாலும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிது கட்டுங்கள். ஓட்டை வழியாகத் தீ ஊசி மாதிரிப் பீறிட்டுக் கண்ணாடியின் ஒரே இடத்தைச் சுடும். நான்கு அனுப்பியது மாற்றுவதற்குத்தான், அலமாரியில் வைத்துப் பூப்போட அல்ல.

ஹார்வி வந்தாரா?

அம்புஜம்


பாபடோயிட்டோய்
12 மார்ச் 1998

அம்புஜம்,

ஹார்வி வந்தார். அவர் வந்த நேரத்தில்தான் அது நடந்தது.

திங்கட்கிழமை தீக்குச்சி முனை பட்டுப் பிரிட்டிஷ் விளக்கின் மேண்டிலில் ஒரு ஓட்டை. மிளகளவு இருக்கும். பார்த்தேன். உம்முடைய கடிதம் நினைவுக்கு வந்தது. ஆனால் மீதி மேண்டில் முழுசாக, வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதைப் பிய்த்துப் போடக் கை வரவில்லை. எங்களூரில் சண்டைக் காலத்தில் ஒரு மேண்டில் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓட்டை விழுந்த மேண்டிலோடே விளக்கை ஊரெல்லாம் இரவல் கொடுத்து மூன்று கலியாணம் செய்து வைத்தோம். அந்தக் கை இன்னும் மாறவில்லை. ஓட்டைப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு.

நேற்று ஹார்வி உள்ளே வந்து, விளக்கை அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நன்றாக இருக்கிறதே" என்று சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடி "டப்" என்று வெடித்தது. ஒரு துண்டு அவர் தோளில் தெறித்துக் கீழே விழுந்தது. தடித்த கோட் போட்டிருந்ததால் காயம் இல்லை. கேபிள்கார ஆட்கள் எழுந்து ஓடினார்கள். நான் ஓடிப்போய் விளக்கை அணைத்தேன்.

ஹார்வி கத்தவில்லை. "இதைச் சரியாகத் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை திறக்க வேண்டாம், மிஸஸ் ஆனந்தராசா" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாததால் அழுகை வந்துவிட்டது.

கடை பூட்டியிருக்கிறது. இரண்டு கிழமை பூட்டியிருந்தால் போய்விடும். சரியாகத் தெரிந்தவர் இந்த ஊரில் யார் என்று எனக்குத் தெரியும்.

வாரும்.

குணவதி


ஹில்ஸ்பரோ
13 மார்ச் 1998

குணாக்கா,

இதைப் பாஸ்கரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை எனக்கு லீவு. புதுக் கண்ணாடி இருக்கிறது. காலையில் வருகிறேன். நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள், தைக்காதீர்கள், திருப்பி மாட்டாதீர்கள்.

அழாதீர்கள்.

அம்புஜம்


பாபடோயிட்டோய்
17 மார்ச் 1998

அம்புஜம்,

கடை மறுபடியும் திறந்துவிட்டது. நீர் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன விதிகளைப் படித்துவிட்டுத்தான் ஹார்வி உட்கார்ந்தார். சம்பல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அந்த விளக்கு லேடி நல்ல கெட்டிக்காரி" என்றார். ஓம் என்றேன்.

கேபிள்கார ஆட்களும் திரும்பி வந்துவிட்டார்கள். இந்த மாத முடிவுக்குள் கரண்ட் வந்துவிடும் என்கிறார்கள்.

நீர் செய்தது பேருதவி. நாங்கள் இருவரும் மிகவும் நன்றியுடையவர்களாக இருக்கிறோம்.

குணவதி


ஹில்ஸ்பரோ
28 மார்ச் 1998

குணாக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். "பேருதவி", "நன்றியுடையவர்களாக இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் முன்கதவால் வந்தேன், ஏனென்றால் நாம் எப்போதும் வருகிற பின்கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியை மாற்றினேன், மேண்டில் கட்டினேன், கை கழுவ உள்ளே போகப் போனேன். நீங்கள் வாசலை மறித்து நின்று, "வேண்டாம், வேண்டாம், இஞ்ச இருங்கோ" என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இரண்டாம் மேசையில் உட்கார வைத்து, டிஷ்யூவை முக்கோணமாக மடித்து வைத்து, சாப்பாடு பரிமாறினீர்கள். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைக் கேவலப்படுத்தியதில்லை. அது நான் இரண்டு வருஷம் நின்று வெந்த சமையல்கட்டு. வீட்டுக்கு வந்து பாஸ்கரனிடம் சொன்னேன், "நான் அங்கே இப்போ கஸ்டமர்" என்று. அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

நேற்று கரண்ட் முழுவதும் வந்துவிட்டதாக நியூஸில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம், நிஜமாகவே. இனி விளக்குக்கு வேலை இல்லை. ஞாயிறோ திங்களோ பாஸ்கரன் வந்து பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொள்வார். உங்கள் பிரிட்டிஷ் விளக்கை ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மேண்டில் நல்ல நிலையில் இருக்கிறது. ஆட்டாமல் வைத்தால் அடுத்த இருட்டுக்கும் ஆகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்புஜம்


பாபடோயிட்டோய்
30 மார்ச் 1998

அம்புஜம்,

பாஸ்கரன் அண்ணன் வந்தார். பெட்ரோமாக்ஸைக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைத்தான் கொடுத்தனுப்புகிறேன்.

உம்மை ஏன் உள்ளே விடவில்லை என்று சொல்கிறேன், கேளும். நீர் போன பிறகு உம்முடைய அடுப்பை நான் ஒருநாளும் மூட்டவில்லை. முதலில் கோபத்தில் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். பிறகு இன்னொன்று. பிறகு வெங்காயம். நாலு மாதத்தில் அடுப்பு இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. அன்று காலமை நீர் வருகிறீர் என்று இறக்கப் போனேன், அதற்குள் முன்கதவில் உம்முடைய சத்தம். அதைக் கண்டால் நீர் கண்ணாடியும் வேண்டாம் கடையும் வேண்டாம் என்று போய்விடுவீர் என்று பயந்தேன். பயத்தில் டிஷ்யூ மடித்தேன். உமக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை என்று கண்டேன். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் இறங்கவில்லை.

இப்போது மூட்டைகளை இறக்கிவிட்டேன். அடுப்பைத் தேய்த்துக் கழுவி மூட்டியும் பார்த்தேன். இடது பக்கத் தீ கொஞ்சம் சோம்பல், முன்பு மாதிரியே.

இன்று காலமை ஹார்வி லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் மூன்று வருசம் கடை எங்களுடையது. "எங்களுடையது" என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கரண்ட் வந்த அன்று கேபிள்கார ஆட்கள் கை தட்டினார்கள். பிறகு டியூப் லைட்டைப் பார்த்துவிட்டு, விளக்கை ஏற்றச் சொல்லிக் கேட்டார்கள். ஏற்றினேன். அவர்கள் போன பிறகு அணைத்து, ஆறவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மேண்டிலைச் சுற்றிப் பார்த்தேன். நீர் கட்டிய மேண்டில். கடுகளவு ஓட்டை இல்லை. மடிப்பெல்லாம் சமம். அடுத்த இருட்டுக்கும் ஆகும் என்று நீர் எழுதியது சரிதான்.

உம்முடைய கடிதம் வந்ததும் அதைச் சுட்டுவிரலால் குத்தினேன். பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. நல்ல மேண்டில் ஒன்றை நான் வீணாக்கியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "உமக்கென்ன விசரே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அலமாரியில் இன்னும் இரண்டு மேண்டில் இருக்கிறது. எனக்கு ஒழுங்காகக் கட்ட வராது. ஆகவே சனிக்கிழமை நீர்தான் வந்து கட்ட வேண்டும். ஏப்ரன் நீர் மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது, தோய்த்து வைத்திருக்கிறேன். தோசைக்கு மாவை நீரே அரையும். அந்தப் பேப்பர்காரன் தோசையைப் பற்றி எழுதியதில் பிழை இல்லை. சம்பலைப் பற்றித்தான் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

முன்கதவால் வர வேண்டாம். பின்கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

குணாக்கா